எவோ 9-ல் 400 குதிரைசக்தி: எதிலிருந்து தொடங்குவது?

மூன்றாம்கியர்:
வணக்கம். கைமாறி வந்த மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 9 ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. 2006 மாடல், ஐந்து கியர். முன்பு வைத்திருந்தவர் என்னென்ன மாற்றினார் என்பதற்கு ஒரு துண்டுச்சீட்டு கூட இல்லை. கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன்: திறந்த ஏர் ஃபில்டர், மூன்று அங்குல டவுன்பைப் (டர்போவிலிருந்து கீழே வரும் எக்ஸாஸ்ட் குழாய்), கையால் திருகும் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) கன்ட்ரோலர், காற்றை வெளியே ஊதும் புளோ-ஆஃப் வால்வு. டர்போ கம்பெனி டர்போதான். எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியூவில் யாரோ மேப் (எரிபொருள், ஸ்பார்க் அட்டவணை) மாற்றியிருக்கிறார்கள். எந்த எரிபொருளுக்கு என்று தெரியாது.

கிராங்கில் 400 குதிரைசக்தி வேண்டும். தினமும் ஓட்டும் கார், அவ்வப்போது டிராக். பெரிய டர்போவுக்குப் போகலாமா, இருக்கும் டர்போவிலேயே பூஸ்டை ஏற்றலாமா? டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் முதலிலா, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் முதலிலா? பட்டியல் போட்டுத் தந்தால் வாங்க ஆரம்பித்துவிடுவேன்.

நாக்கவுன்ட்:
பட்டியல் இப்போது வேண்டாம். அடுத்தவர் போட்ட மேப்பில், அடுத்தவர் திருகிய பூஸ்டில் ஓடும் எஞ்சின் மேல் இன்னும் நாலு பாகத்தை ஏற்றிவிட்டால், நாளை ஒரு கோளாறு வரும்போது எதனால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கார் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் அளப்போம். ஓடும்போது ஈசியூ தரும் எண்களைப் பதிவு செய்து லாக் எடுத்திருக்கிறீர்களா? காற்று-எரிபொருள் விகிதம் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் உண்டா?

மூன்றாம்கியர்:
இரண்டும் இல்லை. பூஸ்ட் மீட்டர் மட்டும் இருக்கிறது, 1.6 பார் தொடுகிறது. வண்டி நல்லா இழுக்கிறது.

கிரீஸ்கை:
தம்பி, ஹெட் கேஸ்கெட் போவதற்கு முந்தின நாளும் வண்டி நல்லாத்தான் இழுக்கும்.

உங்கள் எவோவில் இருப்பதுபோல 4ஜி63 எஞ்சின் என்றால் நான் முதலில் கழற்றச் சொல்வது டைமிங் கவரை. உள்ளே இரண்டு பெல்ட் இருக்கும். கேம்களை ஓட்டும் பெரிய பெல்ட் ஒன்று, அதற்குப் பின்னால் பேலன்ஸ் ஷாஃப்டை ஓட்டும் சின்ன பெல்ட் ஒன்று. செலவைக் குறைக்கிறேன் என்று பெரியதை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிடுவார்கள். சின்னது அறுந்தால் சும்மா கீழே விழாது, பெரியதற்குள் போய்ச் சிக்கும். டைமிங் பல் தாவும், வால்வு பிஸ்டனில் மோதும். மாற்றியதற்குச் சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துவிடுவது நல்லது.

அப்புறம் கம்ப்ரெஷன் டெஸ்ட். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். நாலு ப்ளக்கும் வெளியே, எரிபொருளும் ஸ்பார்க்கும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்துக் கிராங்க் பண்ணுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மறந்துவிட்டு "கம்ப்ரெஷன் குறைவு" என்று அலறிக்கொண்டு வருபவர்கள் உண்டு. கேஜுக்குக் கேஜ் எண் மாறும். அதனால் எண்ணை விட நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் தனியாகக் குறைந்தால் லீக்-டவுன் பாருங்கள், அதாவது சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எங்கே கசிகிறது என்று. ஆயில் மூடி வழியே காற்று வந்தால் ரிங், சைலன்சர் வழியே வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்.

பாக்ஸர்பக்தன்:
நாலு ப்ளக்கையும் மேலிருந்தே கழற்றுகிறீர்கள், கொடுத்து வைத்தவர்கள். எங்கள் சுபாருவில் அதற்கே கை மணிக்கட்டு சுளுக்கிவிடும்.

இருந்தாலும் கேட்கிறேன், இவ்வளவு பயம் தேவையா? இரும்பு பிளாக் எஞ்சின் இது. எங்கள் ஈஜே257 எஞ்சினில் நாக் (சுடர் வந்து சேருமுன் எரிபொருள் கலவை தானாக வெடிப்பது) வந்தால் பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் விளிம்பு உடைந்துவிடும். 4ஜி63 அதையெல்லாம் தாங்கும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

நாக்கவுன்ட்:
பிளாக் தாங்கும். பிஸ்டன் எல்லார் வீட்டிலும் அலுமினியம்தான்.

பெயர் பெற்ற எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஒரு பலவீனம் இருக்கிறது. நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்பி26 எஞ்சினை அசைக்க முடியாது என்பார்கள். ஆனால் அதன் கம்பெனி டர்போக்களில் டர்பைன் சக்கரம் செராமிக். பூஸ்டை ஏற்றிக்கொண்டே போனால் சக்கரம் ஷாஃப்டிலிருந்து கழன்றுவிடும். ஆரம்பகால ஆர்32 ஸ்கைலைன் என்றால் ஆயில் பம்பைச் சுழற்றும் கிராங்க் முனையும் குட்டை. மாஸ்டா ஆர்எக்ஸ்-7-ல் ஒரே ஒரு கடுமையான நாக் அதன் ரோட்டரி எஞ்சினின் முனையடைப்பான அபெக்ஸ் சீலை உடைத்துவிடும். எவோவில் அப்படி உடனே தண்டனை கிடைக்காது. அதனாலேயே பலர் நாக்குடன் மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு, "திடீரென்று போய்விட்டது" என்று வந்து நிற்கிறார்கள்.

ஊதுகுழல்:
புளோ-ஆஃப் வால்வை மட்டும் யாரும் கழற்றச் சொல்லாதீர்கள். அந்தச் சத்தத்துக்காகத்தானே டர்போ கார் வாங்குகிறோம்!

நாக்கவுன்ட்:
கழற்றச் சொல்லத்தான் போகிறேன். எவோவின் ஏர் மீட்டர் டர்போவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. கார்மன் வோர்டெக்ஸ் வகை. உள்ளே போகும் காற்றை எண்ணி ஈசியூவிடம் சொல்லும், ஈசியூ அந்த அளவுக்கு எரிபொருள் ஊற்றும். நீங்கள் கியர் மாற்றும்போது எண்ணி முடித்த காற்றை வெளியே ஊதிவிடுகிறீர்கள். எரிபொருள் மட்டும் முழு அளவுக்கு விழுகிறது. கியர் மாற்றும்போது பின்னால் கறுப்புப் புகை, சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் தடுமாறுவது, சில சமயம் எஞ்சினே நின்றுபோவது எல்லாம் இதனால்தான். வால்விலிருந்து வரும் காற்றை ஏர் மீட்டருக்குப் பின்னால், டர்போ வாய்க்குத் திருப்பி விட வேண்டும். கம்பெனி அப்படித்தான் வைத்திருந்தது.

ஏர் மீட்டரையே எடுத்துவிட்டு மேனிஃபோல்ட் அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் வைத்துக் கணக்கிடும் ஸ்பீட் டென்சிட்டி முறைக்குப் போனால் உங்கள் சத்தத்தை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேப்பை முதலிலிருந்து கட்ட வேண்டும்.

இதே காரணத்தால் பூஸ்ட் கசிவும் முக்கியம். டர்போ வாயை அடைத்து, வெளியிலிருந்து கம்ப்ரஸர் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்துப் பாருங்கள். கப்ளர், இன்டர்கூலர் முனை, த்ராட்டில் ஷாஃப்ட் சீல், இன்ஜெக்டர் ஓ-ரிங் இவைதான் வழக்கமான இடங்கள்.

கணக்குப்பிள்ளை:
1.6 பார் என்றதும் பென்சிலை எடுத்துவிட்டேன். வெளிக்காற்று 30 டிகிரி செல்சியஸ் என்று வைப்போம். பூஸ்ட் 1 பார் என்றால் காற்றை இரண்டு மடங்கு அழுத்துகிறோம். கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்றால் வெளியே வரும் காற்று சுமார் 125 டிகிரி. 1.6 பாரில் அது சுமார் 166 டிகிரி. சின்ன டர்போவை அதன் எல்லைக்கு வெளியே தள்ளித் திறன் 60 சதவீதத்துக்கு விழுந்தால் 189 டிகிரி. 70 சதவீதம் வெப்பத்தை எடுக்கும் இன்டர்கூலர் இருந்தாலும், 1 பாரில் 58 டிகிரியில் போகும் காற்று 1.6 பாரில் 71 டிகிரியில் போகிறது. டிராக்கில் இரண்டு மூன்று சுற்று ஓடி இன்டர்கூலரும் சூடாகிவிட்டால் இந்த நிலைமையும் இருக்காது.

அழுத்தம் 30 சதவீதம் கூடியது, காற்றின் எடை 25 சதவீதம்தான் கூடியது. மீதி சூடாகப் போய்விட்டது. அந்தச் சூட்டில்தான் நாக் பிறக்கிறது. பூஸ்ட் மீட்டர் முள் ஏறுவதைப் பார்த்து மகிழ்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்ஜெக்டரையும் பார்த்துவிடலாம். எவோ 9-ன் கம்பெனி இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 560 சிசி. நாலுக்கும் சேர்த்து 2240. முழுநேரமும் திறந்து வைக்க முடியாது, 85 சதவீதம் என்று வைத்தால் 1904 சிசி. டர்போ எஞ்சின் பூஸ்டில் ஒரு குதிரைசக்திக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்ற பழைய கணக்கில் இது 310 குதிரைசக்திக்குப் போதும். 400 வேண்டுமானால் 720 சிசி அளவில் இன்ஜெக்டர் வேண்டும்.

ஊதுகுழல்:
அப்படியானால் எத்தனால் கலந்த ஈ85 போட்டால் பிரச்சினை முடிந்தது. நாக் வராது, ஸ்பார்க் டைமிங் ஏற்றலாம்.

கணக்குப்பிள்ளை:
நாக் வெகுவாகக் குறையும், உண்மைதான். ஆனால் ஒரு பங்கு எரிபொருள் முழுதாக எரிய பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் ஈ85-க்கு 9.8 பங்குதான். அதே காற்றுக்கு ஒன்றரை மடங்கு எடை எரிபொருள். அடர்த்தி கொஞ்சம் அதிகம் என்பதால் கொள்ளளவில் சுமார் 40 சதவீதம் கூடுதல். 720 சிசி வேண்டிய இடத்தில் 1000 சிசி வேண்டும், பம்பும் அதற்கேற்ப. கிடைக்கும் ஈ85-ல் எத்தனால் அளவு பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் எத்தனால் சென்சார் இல்லாமல் இறங்க வேண்டாம்.

வைட்பேண்ட் பற்றி ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. அது உண்மையில் பார்ப்பது லாம்ப்டாவை, அதாவது முழுதாக எரியத் தேவையான காற்றில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதை. ஈ85-ல் ஓடினாலும் பெட்ரோல் அளவுகோலில் வைத்த மீட்டர் லாம்ப்டா 0.80-ஐ 11.8 என்றுதான் காட்டும். 7.8 காட்டவில்லையே என்று எரிபொருளை மேலும் ஊற்றிவிடாதீர்கள்.

பாக்ஸர்பக்தன்:
400 என்கிறீர்களே, எந்த டைனோவில் (காரை உருளையில் ஏற்றிச் சக்தி அளக்கும் எந்திரம்) 400? எங்கள் பக்கம் சக்கரத்தில் எடுத்த எண்ணை 25 சதவீதம் கூட்டி கிராங்க் என்று சொல்லிக்கொள்வார்கள். இன்னொரு டைனோவில் ஏற்றினால் அதே கார் இன்னொரு எண் காட்டும்.

கிரீஸ்கை:
காகித எண் என்றால் ஜப்பான் கம்பெனிகளை மிஞ்ச முடியாது. 280 பிஎஸ் (மெட்ரிக் குதிரைசக்தி) தாண்டக் கூடாது என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு, 2004-ல் ஹோண்டா லெஜண்ட் 300 பிஎஸ் என்று அறிவிக்கும் வரை எல்லா வேகக் கார்களின் விவரச்சீட்டிலும் அதே 280. உள்ளே எஞ்சின் எவ்வளவு கொடுத்தது என்பது வேறு கதை. ஒரே டைனோவில், ஒரே கியரில், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த கோடுகளை ஒப்பிடுங்கள். உச்ச எண்ணை விட கோட்டின் வடிவம் நிறையச் சொல்லும்.

நாக்கவுன்ட்:
வடிவம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடை வளைப்பது கீழ் ஆர்பிஎம்மில் வரும் டார்க்தான். 3500-ல் 500 நியூட்டன் மீட்டர் என்பது வெறும் 249 பிஎஸ். 6500-ல் 450 நியூட்டன் மீட்டர் என்பது 416 பிஎஸ். முன்னது ராடுக்கும் கிளட்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் அதிக வலி, எண்ணோ குறைவு. நல்ல ட்யூனர் நடு ஆர்பிஎம்மில் பூஸ்டை அடக்கி மேலே பிடித்து வைப்பார். உங்கள் கையால் திருகும் கன்ட்ரோலருக்கு அது தெரியாது, எல்லா ஆர்பிஎம்மிலும் ஒரே ஸ்ப்ரிங்தான். மின்சாரத்தில் திறந்து மூடும் மூன்று துளை சொலினாய்டு வால்வு போட்டு பூஸ்டை ஈசியூவிடமே ஒப்படையுங்கள்.

பெரிய டர்போ கேள்விக்கும் இதுதான் பதில். கம்பெனி டர்போ சீக்கிரம் விழிக்கும், மேலே மூச்சு வாங்கும். 400-க்கு அதிலேயே முட்டி மோதலாம், ஆனால் எல்லையில். டிராக் என்கிறீர்கள், அப்படியென்றால் கொஞ்சம் பெரிய கம்ப்ரஸர் குறைந்த பூஸ்டில், குளிர்ந்த காற்றில் அதே எண்ணைத் தரும். இது கடைசியாக முடிவு செய்ய வேண்டியது.

மூன்றாம்கியர்:
எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி செய்துவிட்டு வருகிறேன். ஒன்று மட்டும் இடையில்: டவுன்பைப்பில் கேட்டலிஸ்ட் இல்லை. அது பரவாயில்லையா?

கிரீஸ்கை:
சாலையில் ஓட்டும் காருக்குப் பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியாது, புகைச் சோதனையில் நிற்கும். அதிகம் அடைக்காத ஸ்போர்ட்ஸ் கேட்டலிஸ்ட் போடுங்கள், இழப்பு சொற்பம்தான். மொத்தமாகத் திறந்துவிட்ட எக்ஸாஸ்டில் சில சமயம் வேஸ்ட்கேட் (டர்போவுக்குப் போகும் எக்ஸாஸ்டைத் திருப்பி விட்டு பூஸ்டை அடக்கும் கதவு) முழுக்கத் திறந்தும் பூஸ்ட் தானாக ஏறிக்கொண்டே போகும், அதையும் கவனியுங்கள்.

பவரைக் கூட்டுவதற்கு முன் பிரேக் ஆயிலையும் பேடையும் மாற்றிவிடுங்கள். காலிப்பர் பிரெம்போவாக இருந்தாலும் கொதித்த ஆயிலுக்கு அது தெரியாது.

மூன்றாம்கியர்:
வந்துவிட்டேன். பெல்ட் இரண்டும் மாற்றியாயிற்று, சின்னது ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. கம்ப்ரெஷன் நாலும் கிட்டத்தட்ட சமம். இன்டர்கூலரிலிருந்து மேலே வரும் கப்ளரில் பெரிய கசிவு இருந்தது, சரிசெய்தேன். புளோ-ஆஃப் காற்றைத் திருப்பி விட்டாயிற்று. ப்ளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.7 மில்லிமீட்டர். வைட்பேண்ட் போட்டு, லாக் எடுக்கும் மென்பொருளான எவோஸ்கேனில் மூன்றாம் கியர் லாக் எடுத்தேன்.

கசிவை அடைத்த பிறகு பூஸ்ட் 3800-ல் 1.75 வரை தாவி, 7000-ல் 1.2-க்கு இறங்குகிறது. ஈசியூ காட்டும் நாக் எண்ணிக்கை 4200-ல் 7. பிறகு பூஜ்யம். 6000-க்கு மேல் மறுபடி 3, 4. இது உண்மையான நாக்கா?

ஊதுகுழல்:
4200-ல் மட்டும் 7 என்றால் ஏதோ ஆடுகிறது. சென்சாரை எடுத்துப் போட்டுவிட்டு ஓட்டுங்கள்.

நாக்கவுன்ட்:
சென்சார் மேல் யாரும் கை வைக்க வேண்டாம். ஆனால் ஆடுகிறது என்ற சந்தேகம் நியாயமானது. 85 மில்லிமீட்டர் போர் உள்ள சிலிண்டரில் நாக் சுமார் 6.7 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும். நாக் சென்சார் என்பது அந்த ஒலியைக் கேட்கக் காத்திருக்கும் ஒரு மைக். தளர்ந்த ஹீட் ஷீல்டு, டவுன்பைப் உடம்பில் இடிப்பது, கடினமான எஞ்சின் மவுண்ட் எல்லாம் அதே ஒலியைப் போட முடியும்.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு வேஸ்ட்கேட் ஸ்ப்ரிங் தரும் குறைந்த பூஸ்டில் அதே கியரில் ஒரு லாக் எடுங்கள். 4200-ல் எண்ணிக்கை அப்படியே நின்றால் அது சத்தம். பூஸ்டோடு சேர்ந்து குறைந்தால் நாக். 6000-க்கு மேல் வருவது எனக்கு அதிகக் கவலை. பூஸ்ட் இறங்கும் இடத்தில் நாக் ஏறுகிறதென்றால் அங்கே டைமிங் அதிகம், அல்லது எரிபொருள் குறைகிறது.

இன்னொன்று, இந்த ஈசியூவில் உயர் ஆக்டேன், தாழ் ஆக்டேன் என்று இரண்டு டைமிங் மேப் உண்டு. நாக் தொடர்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ் மேப் பக்கம் நகர்ந்துவிடும். சில நாள் வண்டி சோம்பலாக இருக்கிறது என்று தோன்றினால் அதுதான் காரணம். மேப்பில் எழுதியிருக்கும் டைமிங்கை நம்பாமல் லாகில் வரும் டைமிங்கைப் பாருங்கள்.

மூன்றாம்கியர்:
செய்தேன். குறைந்த பூஸ்டிலும் 4200-ல் அதே 7. கீழே படுத்துப் பார்த்ததில் டவுன்பைப் மேல் இருக்கும் தகட்டின் ஒரு போல்ட்டைக் காணவில்லை. போட்டபின் 4200-ல் பூஜ்யம். 6000-க்கு மேல் வந்தது குறைந்த பூஸ்டில் காணாமல் போய்விட்டது.

பாக்ஸர்பக்தன்:
ஒரு போல்ட்! இதற்காக எத்தனை பேர் எஞ்சினைப் பிரித்திருப்பார்கள்.

மூன்றாம்கியர்:
இப்போது சொலினாய்டு போட்டு, ஒரு ட்யூனரிடம் பழைய மேப்பை அழித்து புதிதாக ஈசியூஃப்ளாஷ் என்ற மென்பொருளில் ஏற்றியிருக்கிறோம். உச்சம் 1.4 பார், உச்ச டார்க் இருக்கும் இடத்தில் ஸ்பார்க் டைமிங் ஒற்றை இலக்க டிகிரி. கீழிருந்து 6000 வரை காற்று-எரிபொருள் விகிதம் 11.4-ல் நேராகப் போகிறது. அதற்கு மேல் மெல்ல 12.0-க்கு ஏறுகிறது, அதாவது எரிபொருள் குறைகிறது. நாக் 2, 3. இன்ஜெக்டர் டியூட்டி (திறந்திருக்கும் நேரம்) 91 சதவீதம். ட்யூனர் மேப்பில் மேலே எரிபொருளைக் கூட்டிப் பார்த்தார், டியூட்டி கூடுகிறது, 12.0 பெரிதாக அசையவில்லை. இன்ஜெக்டர் ஆர்டர் போடவா?

நாக்கவுன்ட்:
அதற்கு முன் எரிபொருள் அழுத்தம். மேனிஃபோல்ட் ஹோஸைக் கழற்றிய நிலையில் 3 பார் என்றால், 1.4 பார் பூஸ்டில் இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் ரெயில் குழாயில் 4.4 இருக்க வேண்டும். ஓடும்போது பார்க்கக்கூடிய மீட்டர் அல்லது சென்சார் மாட்டி எண்ணைச் சொல்லுங்கள்.

மூன்றாம்கியர்:
அதே 1.4 பாரை மேலே வரை பிடித்து எடுத்தோம். 6000 வரை 4.4. அதற்கு மேல் 4.1.

கணக்குப்பிள்ளை:
இன்ஜெக்டர் உணரும் அழுத்தம் 4.1-லிருந்து 1.4 போக 2.7. முன்பு 3.0. ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, எனவே சுமார் 5 சதவீதம் குறைவு. 11.4 போய் 12.0 ஆவதற்கு அதுவே போதும். உங்கள் வைட்பேண்ட் பொய் சொல்லவில்லை.

நாக்கவுன்ட்:
ஆக, பம்ப்தான் முதலில். மேப்பில் எவ்வளவு கூட்டினாலும் பம்ப் தராததை இன்ஜெக்டர் தராது. பெரிய இன்ஜெக்டரை இப்போது போட்டிருந்தால் டியூட்டி மட்டும் அழகாகத் தெரியும், 6000-க்கு மேல் இதே சரிவு வரும். மணிக்கு 255 லிட்டர் வகை பம்ப் உங்கள் இலக்குக்குப் பெட்ரோலில் போதும். அதோடு பேட்டரியிலிருந்து நேராக, ரிலே வைத்து, தடித்த வயர் இழுங்கள். பழைய வயரிங்கில் மின்னழுத்தம் குறைந்தால் புது பம்பும் இதே கதைதான். லோடில் பம்ப் முனையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று இப்போதே ஒருமுறை அளந்துவிடுங்கள், ஒருவேளை பம்பே நன்றாக இருந்து வயர்தான் குற்றவாளியாக இருக்கலாம்.

கிரீஸ்கை:
டேங்க் திறக்கும்போது ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள் தம்பி. மூடியின் ரப்பர் வளையத்தைப் பழையதையே திரும்பப் போடாதீர்கள், பின் சீட்டில் பெட்ரோல் வாசனை அடிக்கும்.

மூன்றாம்கியர்:
சரி அண்ணே. பம்ப் முனையில் லோடில் 11.6 வோல்ட், ஆல்டர்னேட்டரில் 14.1. வயர் இழுத்துவிட்டு அப்புறம்தான் பம்ப் பற்றி முடிவு.

நாக்கவுன்ட்:
சரியான வரிசை. இரண்டரை வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. வயர் மாற்றியதும் இதே மூன்றாம் கியர் லாகை, அழுத்தத்தோடு சேர்த்துப் போடுங்கள். அதுவரை 6000-க்கு மேல் மிதிக்க வேண்டாம், பூஸ்டிலும் கை வைக்க வேண்டாம்.